தலை எண்ணிக்கை மட்டும் போதுமா? ஃப்ளோரிடா குட்டி மான்களின் கதை

2016-ம் ஆண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஒரு சிறு தீவில் மான்களின் தலையிலும் கழுத்திலும் பெரிய பெரிய புண்கள். உற்றுப் பார்த்தால் புண்ணுக்குள் புழுக்கள் நெளிந்தன. ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கன்றின் தொப்புள், கொம்பு முறிந்த இடம், நுகத்தடி உராய்ந்த கழுத்து என எங்கே புண் இருந்தாலும் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வீட்டு மாடு என்றால் கட்டிப்போட்டு மருந்து போடலாம். காட்டு மானை யார் பிடித்துக் கட்டுவது?

அந்த ஒரு பருவத்தில் மட்டும் 135 மான்கள் செத்துப்போயின. உலகத்திலேயே அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத மான் இனம் அது. மொத்தம் ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-ல், ‘இந்த மான் தேறிவிட்டது, சட்டப் பாதுகாப்பை எடுத்துவிடலாமா?’ என்ற பேச்சு அரசுத் தரப்பில் எழுந்தது. தீவு மக்கள் கொதித்துப்போனார்கள்.

ஓர் உயிரினம் எப்போது ‘தேறிவிட்டது’ என்று சொல்லலாம்? தலையை எண்ணினால் போதுமா? அதைத் தெரிந்துகொள்ள இந்த மானின் கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

வெள்ளாட்டு உயரம்தான்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்முனையிலிருந்து, முத்து கோத்த மாதிரி வரிசையாகக் கடலுக்குள் நீளும் தீவுகளுக்கு ‘ஃப்ளோரிடா கீஸ்’ என்று பெயர். ‘கீ’ என்றால் சிறு தீவு. இங்கே வாழ்வதால் இதற்குக் ‘கீ மான்’ என்று பெயர் வந்தது. வட அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் வெள்ளை வால் மானின் உள்ளினங்களிலேயே மிகச் சிறியது இதுதான். ஆண் மான் தோள் வரை சுமார் இரண்டரை அடி உயரம். எடை 25 முதல் 34 கிலோ. பெண் மான் இன்னும் சிறியது. பிறந்த குட்டியின் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரைதான்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது, பெருநிலத்தோடு இருந்த தொடர்பு அறுந்து இந்த மான்கள் தீவுகளில் மாட்டிக்கொண்டன. கிடைக்கும் தீனியும் குறைவு, குடிக்கிற தண்ணீரும் குறைவு என்பதால் தலைமுறை தலைமுறையாக உடம்பு சிறுத்துப்போனது. இன்றைக்கு இவற்றில் பெரும்பகுதி ‘பிக் பைன் கீ’, ‘நோ நேம் கீ’ என்ற இரண்டு தீவுகளில்தான் இருக்கின்றன. இரண்டாவது தீவின் பெயருக்கு ‘பெயரில்லாத் தீவு’ என்றுதான் அர்த்தம்.

இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர்தான் எல்லாம். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஓர் ஏடுபோல மிதந்து நிற்கும். பாறையில் இருக்கும் பள்ளங்களில் அந்த நல்ல தண்ணீர் தேங்கும். மான்கள் உயிர் பிழைப்பது அந்தக் குழிகளை நம்பித்தான். அலையாத்தி இலை முதல் பைன் காட்டுச் செடிகள் வரை நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களை மேய்கின்றன. ஆனால், தண்ணீருக்கு மாற்று வழி இல்லை.

சில டஜன்களிலிருந்து சில நூறுக்கு

ஒரு காலத்தில் நாய்களை விட்டுத் துரத்தியும், புதருக்குத் தீ வைத்து வெளியே ஓடவிட்டும் இந்த மான்களை வேட்டையாடினார்கள். 1939-ல் ஃப்ளோரிடா மாநிலம் வேட்டைக்குத் தடை போட்டது. ஆனாலும் திருட்டு வேட்டை நிற்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் மிஞ்சியவை 25 முதல் 50 மான்கள்தான் என்று கணிக்கப்பட்டது. ஒரு சாதாரண ஆட்டுப் பட்டியில் இருக்கும் அளவுகூட இல்லை.

1957-ல் இந்த மான்களுக்காகவே தேசிய கீ மான் சரணாலயம் அமைக்கப்பட்டது. ஜாக் வாட்சன் என்ற காவலர் திருட்டு வேட்டைக்காரர்களை விடாமல் துரத்தினார். அந்தப் பகுதியில் இன்றும் அவர் பெயர் பேசப்படுகிறது. 1967-ல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்காக அமெரிக்க அரசு வெளியிட்ட முதல் பட்டியலிலேயே கீ மானும் இடம்பிடித்தது. 1973-ல் இன்னும் வலுவான ‘அழியும் உயிரினங்கள் சட்டம்’ வந்தது. காவல், நிலம், சட்டம் மூன்றும் சேர்ந்ததால், சில டஜன்களாக இருந்த மான்கள் மெல்ல மெல்லப் பல நூறாகப் பெருகின.

இது சும்மா கிடைத்த வெற்றியல்ல. தீவுகளின் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. மான்கள் அதிகம் சாவது வாகனத்தில் அடிபட்டுத்தான். அதனால், பிக் பைன் தீவில் சாலையோரம் நீளமான வேலி போட்டு, மான்கள் கடந்துபோகச் சாலைக்கு அடியில் சுரங்க வழிகளும் அமைத்தார்கள். வேகத்துக்கு வரம்பு உண்டு; இரவில் இன்னும் குறைவான வேகத்தில்தான் போக வேண்டும். மானுக்குத் தீனி போடுவதும் அங்கே குற்றம். ஏனென்றால், தீனிக்குப் பழகிய மான் காரைப் பார்த்து ஓடாது. காரை நோக்கி வரும்.

சட்டம் என்ன செய்கிறது?

பாதுகாப்புப் பட்டியல் என்றதும் ‘மானைச் சுடக் கூடாது’ என்ற தடைதான் பலருக்கும் ஞாபகம் வரும். உண்மையில், அந்தப் பட்டியலின் பெரிய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மான் நிற்கிற மண்ணுக்கும் அது காவல் நிற்கிறது. மத்திய அரசுத் துறை எதுவாக இருந்தாலும், தான் செய்யும், பணம் கொடுக்கும் அல்லது அனுமதிக்கும் வேலையால் பட்டியலில் உள்ள உயிரினம் அழியாதா என்று வனவிலங்குத் துறையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதற்குக் கீ மானே நல்ல உதாரணம். இந்தத் தீவுகள் தாழ்வானவை. புயல் வந்தால் வெள்ளம் புகும். வெள்ளக் காப்பீடு இல்லாவிட்டால் வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். அந்தக் காப்பீட்டைக் கொடுப்பது அரசுத் துறை. ‘காப்பீடு கொடுக்கக் கொடுக்கப் புதுப்புது வீடுகள் முளைக்கின்றன. மான் மேயும் இடம் குறைகிறது. அதைப் பற்றிக் கலந்து பேசாமல் காப்பீடு கொடுப்பது சட்டப்படி சரியா?’ என்று கேட்டு, இயற்கை அமைப்புகள் 1990-ல் நீதிமன்றம் போயின. மனுதாரர் பெயரிலேயே முதலில் நின்றது ‘ஃப்ளோரிடா கீ மான்’. 2005-ல், அழியும் உயிரினங்கள் வாழும் இடங்களில் புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களுக்குக் காப்பீடு கொடுக்க நீதிமன்றம் தடை போட்டது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

மான் அந்தப் பட்டியலில் இருந்ததால்தான் அதன் பெயரில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. பட்டியலிலிருந்து பெயர் போனால், சரணாலயம் அப்படியே இருக்கும்; மாநில வேட்டைத் தடையும் இருக்கலாம். ஆனால், சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் காலி மனையில் நிற்கிற மானுக்காகக் கேள்வி கேட்கும் இந்த உரிமை போய்விடும். மான்களுக்குச் சரணாலய எல்லைக்கல் தெரியாது. அவை வீட்டுத் தோட்டத்திலும் தெருவோரத்திலும்தான் பாதி நாள் மேய்கின்றன.

ஈயைக் கொண்டே ஈயை ஒழித்தார்கள்

மீண்டும் 2016-க்கு வருவோம். மான்களைத் தாக்கியது ‘ஸ்க்ரூவோர்ம்’ என்ற ஈயின் புழு. சாதாரணப் புழு செத்த சதையைத் தின்னும். இது உயிருள்ள சதையைத் திருகித் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஓர் ஈ ஒரே தடவையில் 200-க்கும் மேல் முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வெளிவரும். ஏறக்குறைய ஒரு வாரம் சதையைத் தின்றுவிட்டு, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அந்தப் பருவத்தில் ஆண் மான்கள் இணைக்காக முட்டி மோதிக்கொள்ளும். கொம்பு குத்திய காயம் ஒவ்வொன்றும் ஈக்கு வாசல் ஆனது. அதனால்தான் ஆண் மான்களே அதிகம் செத்தன.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் கால்நடை வளர்ப்போரை ஆட்டிப்படைத்த ஈ இது. எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லேண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அதன் பலவீனத்தைப் பிடித்தார்கள். இந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இணை சேரும். ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் ஈக்களை வளர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தில் கதிர்வீச்சு கொடுத்து மலடாக்கி வெளியே விட்டால், அவற்றோடு இணை சேரும் பெண் ஈயின் முட்டை பொரிக்காது. 1954-ல் குராசோ தீவில் இது வெற்றிகரமாக நிரூபிக்கப்பட்டது. அதன்பின் ஃப்ளோரிடா, பிறகு அமெரிக்கா முழுக்க ஈ ஒழிக்கப்பட்டது. மருந்து தெளிக்காமல் ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்தே விரட்டிய இந்த வேலைக்காக, 1992-ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைகாட்டாத அந்த ஈதான் கீ மான்களிடம் திரும்பி வந்தது. 2016 செப்டம்பர் கடைசியில் பரிசோதனையில் உறுதியானது. பனாமா நாட்டில் இருக்கும் மலட்டு ஈ உற்பத்தி நிலையத்திலிருந்து கூட்டுப்புழுக்கள் கொண்டுவரப்பட்டன. மொத்தம் சுமார் 18.8 கோடி மலட்டு ஈக்கள் விடப்பட்டன. தீவுகளிலிருந்து வெளியே போகும் சாலையில் சோதனைச் சாவடி போட்டு, ஒவ்வொரு நாயையும் பூனையையும் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். தேற முடியாத மான்களை வேதனையிலிருந்து விடுவித்தார்கள். மற்றவற்றுக்கு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் ‘டோராமெக்டின்’ என்ற குடற்புழு மருந்தை ரொட்டியில் வைத்துக் கையால் ஊட்டினார்கள். தீனி போடுவது குற்றமாக இருந்த ஊரில், மானைக் காப்பாற்ற அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.

2017 ஜனவரியில் தீவுகளைத் தாண்டி, பெருநிலத்தில் ஹோம்ஸ்டெட் பகுதியில் ஒரு தெருநாய்க்கும் புழு இருந்தது தெரிந்தது. அங்கேயும் ஈக்களை விட்டார்கள். ஒருவழியாக மார்ச் மாதம் ‘ஒழிந்தது’ என்று அறிவித்தார்கள். மான் செத்ததைக் கவனித்து உடனே இறங்கியதால், ஃப்ளோரிடாவின் மாட்டுப் பண்ணைகள் தப்பின. காட்டு விலங்கைக் கவனிப்பது கால்நடை வளர்ப்போருக்கும் காவல்தான் என்பது அன்றைக்குப் புரிந்தது.

மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி. 2017 செப்டம்பர் 10-ம் தேதி ‘இர்மா’ புயல், கீ மான்கள் வாழும் பகுதியில்தான் கரையைக் கடந்தது. கடல் உள்ளே புகுந்து நல்ல தண்ணீர்க் குழிகளை உப்பாக்கியது. மான்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. ஆனால், இரண்டு தீவை நம்பி ஓர் இனமே இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன.

2019-ல் எழுந்த கேள்வி

பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்றவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் காட்டியது எண்ணிக்கையை. சில டஜன்களாக இருந்தது பல நூறாகிவிட்டது. ஈயையும் தாங்கியது, புயலையும் தாங்கியது. பட்டியல் என்பது மருத்துவமனை மாதிரி. தேறியவரை வீட்டுக்கு அனுப்பினால்தான் அடுத்த நோயாளிக்குப் படுக்கையும் பணமும் கிடைக்கும். தவிர, வீடு கட்டக் காத்திருக்கும் மனைக்காரர்களுக்கும் கட்டுப்பாடு தளரும்.

எதிர்த்தவர்கள் கேட்டது வேறு கேள்வி. ‘எதனால் அழிவு வந்ததோ அந்தக் காரணம் தீர்ந்துவிட்டதா?’ என்பது. அமெரிக்கச் சட்டமும் தலையை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. வாழிடம் அழிகிறதா, அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்களா, நோயோ வேட்டையாடும் விலங்கோ தாக்குகிறதா, மற்றச் சட்டங்கள் போதுமா, வேறு ஆபத்து இருக்கிறதா என்ற ஐந்து விஷயங்களையும் பார்க்கச் சொல்கிறது.

கீ மானுக்கு வேட்டை ஆபத்து பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மற்றவை தீரவில்லை. மனைக்கு மவுசு குறையவில்லை. வாகனம் அடிப்பது நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. பிக் பைன் தீவின் பெரும்பகுதி கடலுக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கடல் ஏற ஏற, பாறைக்கு அடியில் உப்பு மேலே வரும். நல்ல தண்ணீர் ஏடு மெலியும். அந்தத் தீவுக்கூட்டத்தில் உப்பு ஏறிப் பைன் மரங்கள் காய்ந்துபோனதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு உப்பாகி, நிலத்தைப் போட்டுவைத்த விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றுக் காலத்தில் வாழைக்கு முட்டுக்கம்பு கொடுக்கிறோம். மரம் நிமிர்ந்து நிற்கிறது, தாரும் நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்து, ‘இனிமேல் கம்பு எதற்கு?’ என்று காற்று அடிக்கும்போதே உருவிவிடுவோமா? மரம் நிற்பதே கம்பால்தான். கீ மான் விஷயத்தில் தீவு மக்கள் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். எதிர்ப்பு பலமாக இருந்ததால் நீக்கும் பேச்சு அப்படியே நின்றது. மான் பட்டியலிலேயே தொடர்கிறது.

கம்பை எப்போது எடுக்கலாம்?

அப்படியென்றால், ஒருமுறை பட்டியலில் ஏறினால் இறங்கவே கூடாதா? அப்படியும் இல்லை. அதே நாட்டின் வடமேற்கில் கொலம்பிய வெள்ளை வால் மான் என்று இன்னோர் உள்ளினம் இருக்கிறது. ஆற்றோர மேய்ச்சல் நிலங்களிலும் பண்ணைகளிலும் வாழும் மான் அது. ஒரேகான் மாநிலத்தின் டக்ளஸ் கவுண்டியில் அந்த மான் ஆயிரக்கணக்கில் பெருகியது. அது வாழும் நிலத்துக்கும் உள்ளூர் அளவில் பாதுகாப்பு கிடைத்தது. இரண்டும் உறுதியான பிறகு, 2003-ல் அந்தப் பகுதி மான்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்த இன்னொரு கூட்டத்துக்கு நிலைமை அவ்வளவு தேறவில்லை. அதை முழுதாக எடுக்காமல், 2016-ல் ‘அழியும் நிலை’யிலிருந்து ‘ஆபத்து நிலை’க்கு ஒரு படி மட்டும் இறக்கினார்கள். கூடவே, பயிரை மேயும் மானை நில உரிமையாளர் காயப்படுத்தாமல் விரட்டலாம் என்பது போன்ற தனி விதிகளையும் சேர்த்தார்கள். மானும் பிழைக்கிறது, விவசாயியின் கையும் கட்டப்படவில்லை. நீக்கிய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அரசு கண்காணிக்க வேண்டும். மறுபடியும் குறைந்தால் திரும்பச் சேர்க்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

டக்ளஸ் கவுண்டியில் எண்ணிக்கையும் கூடியது, நிலமும் உறுதியானது. கீ மானுக்கு எண்ணிக்கை மட்டும்தான் கூடியிருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

ஈயின் கதையும் முடியவில்லை. மத்திய அமெரிக்க நாடுகளில் ஸ்க்ரூவோர்ம் மீண்டும் பரவி, 2024 நவம்பரில் மெக்சிகோவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அங்கிருந்து மாடு இறக்குமதியை அமெரிக்கா நிறுத்தியது. அந்த ஈ வடக்கே வந்தால், பண்ணை மாட்டுக்கு மருந்து போட ஆள் இருக்கிறார்கள். தீவு மானுக்கு மறுபடியும் ரொட்டியில் மருந்து வைக்க ஆளும் பணமும் வேண்டும். அவை கிடைக்க, அதன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

வாசகர் மனதில் எழும் கேள்விகள்

‘இந்தப் புழு நம் ஊரிலும் உண்டா?’

அமெரிக்க இனம் இங்கே இல்லை. ஆனால், அதைப் போலவே உயிருள்ள சதையைத் தின்னும் ஆசிய இன ஈ இந்தியாவில் உண்டு. புதிதாகப் பிறந்த கன்று, குட்டியின் தொப்புளில் உடனே அயோடின் தடவுங்கள். கொம்பு சுடுதல், காயடித்தல், காது வில்லை பொருத்துதல் போன்றவற்றைக் கூடுமானவரை ஈ குறைவான நாட்களில் செய்யுங்கள். சிறு காயமானாலும் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவிவிட்டால் ஈ அண்டாது. புழு வைத்துவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே தெரியும் புழுவைவிட உள்ளே இருப்பது அதிகம். ஊசி மருந்து போட்டால், எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘எங்கள் வயலை மேயும் மானுக்கும் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா?’

பொருந்தும். புள்ளிமான், கடமான், வெளிமான் மூன்றுமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கொல்வது, கண்ணி வைப்பது, வேலியில் நேரடி மின்சாரம் கொடுப்பது எல்லாமே குற்றம். மின்வேலியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். பயிர் சேதமானால் உடனே புகைப்படம் எடுத்து, நில ஆவணங்களோடு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. சேதத்தைக் கலைக்காமல், அலுவலர்கள் வந்து பார்க்கும்வரை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

‘மான் குட்டி தனியாகக் கிடந்தால் வீட்டுக்குத் தூக்கி வரலாமா?’

கூடாது. தாய் மான் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயப் போவது வழக்கம். திரும்பி வந்து பால் கொடுக்கும். நாய்களை மட்டும் அண்டவிடாமல் விலகி நில்லுங்கள். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். காட்டு மானை வீட்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்தான்.